தற்சார்பு வாழ்க்கை: கசிவுகளின் கணக்கு

தற்சார்பு என்ற சொல்லைப் பலரும் பல பொருளில் சொல்கிறார்கள். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, கடை வாசலே மிதிக்காத வாழ்க்கை என்று ஒருவர் நினைக்கிறார். மின்சாரத்தையும் மருத்துவத்தையும் விட்டுவிட்டு நூறாண்டு பின்னால் போவது என்று இன்னொருவர் நினைக்கிறார். பணத்தையே தொடாமல் இருப்பதுதான் அது என்பவர்களும் உண்டு. இப்படி நம்பிக் கிராமத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் உழைப்பில் குறை வைப்பதில்லை. எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யவே வேண்டாம் என்ற கணக்கு இல்லாததால்தான் களைத்துப்போகிறார்கள். அந்தக் கணக்கு கடினமானதல்ல. பள்ளிக்கூடப் பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

தொட்டியும் நீர்மட்டமும்

ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மேலே ஒரு குழாய் வழியாக நீர் விழுகிறது. அடியில் நான்கைந்து இடங்களில் கசிகிறது. மட்டம் இறங்கினால் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிடலாம், அல்லது கசிவை அடைக்கலாம். குழாயைத் திறந்தால் பலன் உடனே தெரியும். ஆனால் அதன் மறுமுனை வேறு யார் கையிலோ இருக்கிறது. அவர்கள் விலையை ஏற்றினாலும், அனுப்ப முடியாமல் போனாலும், நம் தொட்டி சில நாட்களில் காய்ந்துவிடும். கசிவை அடைத்த தொட்டிக்கோ ஒரு சிறு தாரை போதும்.

வீடு, நிலம், ஊர் மூன்றுமே இத்தகைய தொட்டிகள்தான். உரம், விதை, எரிபொருள், தீவனம் என வெளியிலிருந்து விலைக்கு வருபவற்றை இடுபொருள் என்கிறோம். ஓரிடத்தில் பயன்பட்ட பொருள் வெளியே போகாமல் அடுத்த பயனுக்குத் திரும்பி வருவது சுழற்சி. வரத்து நின்றுபோனால் எத்தனை நாள் சமாளிக்க முடியும் என்பதைத் தாங்கும் நாள் என்று வைத்துக்கொள்வோம். நின்றுபோனால் வாழ்க்கையே முடங்கிவிடும் பொருள்களில் சுழற்சிகளைக் கூட்டித் தாங்கும் நாளை உயர்த்துவதுதான் தற்சார்பு. எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இதில் எங்கும் இல்லை. உப்பையும் இரும்பையும் மருந்தையும் விலைக்கு வாங்குவதால் தற்சார்பு குறைந்துவிடுவதில்லை.

மண்ணின் கணக்கு

பெரிய கசிவு மண்ணில்தான் இருக்கிறது. பலர் கண்ணில் படாததும் இதுதான்.

பயிருக்கு அதிக அளவில் வேண்டிய சத்துகள் மூன்று. இலையையும் தண்டையும் வளர்க்கும் நைட்ரஜன் தழைச்சத்து. வேருக்கும் மணி பிடிப்பதற்கும் வேண்டிய பாஸ்பரஸ் மணிச்சத்து. தண்டின் உறுதிக்கும் வறட்சியைத் தாங்குவதற்கும் வேண்டிய பொட்டாசியம் சாம்பல்சத்து. ஒரு டன் தானியம் வயலைவிட்டுப் போகும்போது, பயிரைப் பொறுத்து ஏறத்தாழ 12 முதல் 20 கிலோ தழைச்சத்தும் 2 முதல் 4 கிலோ மணிச்சத்தும் அதோடு போய்விடுகின்றன. சாம்பல்சத்தின் பெரும்பகுதி தானியத்தில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. ஆகவே தானியத்தை விற்றாலும் வைக்கோல் நிலத்துக்குத் திரும்பினால் ஒரு பெரிய கசிவு அடைபடும். வைக்கோலை எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடும்.

இந்த மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்ற பாக்டீரியாக்கள் அதைப் பிடித்துப் பயிருக்குத் தருகின்றன. தொழிற்சாலையிலும் அதைப் பிடிக்கலாம். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில், காற்றின் நைட்ரஜனை அமோனியாவாக மாற்றும் ஆலை முதன்முதலாகப் பெரிய அளவில் இயங்கத் தொடங்கியது. ஆனால் அந்த முறைக்கு மிகுந்த அழுத்தமும் வெப்பமும் வேண்டும். இன்று அதற்கு முக்கிய மூலப்பொருள் இயற்கை எரிவாயு. யூரியா மூட்டை என்ற குழாயின் மறுமுனை எரிவாயு வயலில் இருப்பது இதனால்தான். பாஸ்பரஸைக் காற்றிலிருந்து பிடிக்கவே முடியாது. அது பாறையிலிருந்து வருகிறது. உலகில் அறியப்பட்ட பாஸ்பேட் பாறை இருப்பில் பெரும்பகுதி மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. எனவே தழைச்சத்தை நிலத்திலேயே உண்டாக்கலாம். மணிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் முடியும். இந்த வேறுபாடு தெரியாமல் பசுந்தாள் உரத்தை மட்டும் நம்பி, விளைச்சலை முழுக்க விற்றுக்கொண்டே இருந்தால், சில ஆண்டுகள் பயிர் பச்சையாகத்தான் நிற்கும். மணி மட்டும் பிடிக்காது.

பசுந்தாள் உரம் என்பது பச்சையாக இருக்கும்போதே மடக்கி உழுவதற்காக வளர்க்கும் பயிர். பயறுவகையைச் சேர்ந்த சணப்பு, தக்கைப்பூண்டு இரண்டும் இதற்கு நன்றாக வரும். விதைத்த 45 முதல் 50 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். வளரட்டும் என்று விட்டால் தண்டு நாராகிவிடும். நாரை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதால், அடுத்த பயிர் சில வாரங்களுக்கு வெளிறி நிற்கும். பாக்டீரியா வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. அந்தப் பயிரே புதிதான நிலத்தில் விதையோடு ரைசோபியம் கலந்து விதைக்க வேண்டியிருக்கும்.

மட்கு உரம்: விகிதம்தான் எல்லாம்

குப்பையைக் குவித்தால் உரமாகிவிடும் என்பது பாதி உண்மை. மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கார்பன் என்ற கரிமச்சத்தும் தழைச்சத்தும் ஒரு விகிதத்தில் வேண்டும். கரிமச்சத்து 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு. வைக்கோலில் இந்த விகிதம் 60 முதல் 80 வரை இருக்கும். சாணத்தில் சுமார் 20. பயறுவகைப் பச்சைத் தழையில் 15 முதல் 20. மரத்தூளில் 300-ஐயும் தாண்டும்.

கைக்கு அடக்கமான ஒரு கலவை: காய்ந்த வைக்கோல் 100 கிலோ, பச்சைச் சாணம் 200 கிலோ, பச்சைத் தழை 100 கிலோ. இதில் விகிதம் 30-க்கு அருகில் வரும். சாணத்திலும் தழையிலும் இருக்கும் நீரே ஈரத்தை 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். வைக்கோலை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் உள்வெப்பம் தங்காது. ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அடிப்பகுதி நசுங்கிக் காற்று போகாது.

சில நாட்களில் உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏற வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஓர் இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவரை செருகிச் சில நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரி. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நின்றால்தான் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் சாகும். வெளி ஓரத்தில் இருப்பது அவ்வளவு சூடாவதில்லை. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓரத்தில் உள்ளதை நடுவுக்குக் கொண்டுவந்து கிளற வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் உரம் தயாராகும்.

என்ன தவறு நடந்தது என்பதைப் பெரும்பாலும் மூக்கே சொல்லிவிடும். கண்ணைக் கரிக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து மிகுந்துவிட்டது, வைக்கோல் சேருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் நீர் அதிகம், காற்றில்லை. கிளறிக் காய்ந்த பொருள் போடுங்கள். எந்த நாற்றமும் இல்லாமல் சூடும் ஏறாமல் கிடந்தால் ஒன்று காய்ந்துவிட்டது, இல்லை சாணம் போதவில்லை. ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். கை நனைந்து ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி.

பலர் பேசத் தயங்கும் இன்னொரு கசிவு சிறுநீர். ஒருவர் ஓராண்டில் கழிக்கும் ஏறத்தாழ 500 லிட்டர் சிறுநீரில் 2.5 முதல் 4 கிலோ வரை தழைச்சத்து இருக்கிறது. அதோடு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் உண்டு. தனியாகப் பிரித்து, மூடிய கலனில் வைத்து, ஒரு பங்குக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு நீர் கலந்து, இலையில் படாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். ஒரு குடும்பம் தன் தோட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தினால், கடைசியாக ஊற்றியதற்கும் அறுவடைக்கும் இடையே ஒரு மாதம் விட வேண்டும். பல வீடுகளிலிருந்து சேர்ப்பதென்றால் 20 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆறு மாதம் மூடி வைத்திருந்த பிறகே பயன்படுத்தலாம். மூடி இல்லாத கலனில் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்து நெடிதான் மிஞ்சும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது இது: விளைச்சலோடு சத்து வெளியேறுகிறது. தழைச்சத்தைப் பயறுவகைச் செடிகளால் ஈட்டலாம். மற்றவற்றை வைக்கோல், சாணம், மட்கு, சிறுநீர் வழியாகத் திருப்ப வேண்டும். இந்தச் சுழற்சி மூடாதவரை தற்சார்பின் மற்ற வேலைகள் நிலைக்காது.

தண்ணீர்: தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டால் மழைநீர்க் கணக்கு முழுவதும் வந்துவிடும். 100 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் 80,000 லிட்டர். தெறிப்பதும் ஆவியாவதும் போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று கொண்டால் 64,000 லிட்டர்.

இவ்வளவையும் பிடிக்கத் தொட்டி கட்ட வேண்டுமோ என்று மலைத்துப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். தேவையில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு 50 லிட்டர். மழையில்லாத காலம் 150 நாள் என்றால் 7,500 லிட்டர். 8,000 முதல் 10,000 லிட்டர் தொட்டி ஒன்றே குடிநீரின் தாங்கும் நாளை முழுக் கோடைக்கும் நீட்டிவிடும். மிச்சத்தை நிலத்தில் இறக்கிவிடலாம். அதற்குச் சரிவுக்குக் குறுக்கே, மட்டம் பார்த்து வெட்டிய வாய்க்கால்களும் வரப்புகளும் போதும்.

தொட்டியில் கவனிக்க வேண்டியவை சில. பருவத்தின் முதல் மழையில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் வரும். சதுர மீட்டருக்கு அரை லிட்டர் முதல் இரண்டு லிட்டர் வரை முதல் நீரைத் தனிக் குழாய் வழியாக வெளியேற்றிவிட வேண்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். வலையில்லாத திறப்பு ஒன்று இருந்தாலும் கொசு முட்டையிடும். நிரம்பி வழியும் குழாய் உள்வரும் குழாயைவிடச் சிறிதாக இருந்தால் பெருமழையில் நீர் சுவரோரம் வழிந்து அடித்தளத்தை அரிக்கும்.

விதை

வீரிய ஒட்டுரக விதையை எடுத்து வைத்தால் முளைக்காது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது பெரும்பாலும் தவறு. முளைக்கும். ஆனால் இரண்டு வெவ்வேறு பெற்றோர் வழிகளைச் சேர்த்து உருவாக்கிய ரகம் என்பதால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். ஒரு செடி உயரம், ஒன்று குட்டை, காய்ப்பும் தாறுமாறு. தாயின் குணம் மாறாமல் வரும் நாட்டு விதைகளையும், நிலைத்த ரகங்களையும்தான் சேமிக்க முடியும்.

அங்கும் எல்லாப் பயிரும் ஒன்றல்ல. நெல், கோதுமை, நிலக்கடலை, தக்காளி, அவரை வகைகள் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. பக்கத்து ரகத்திலிருந்து சில மீட்டர் இடைவெளி போதும். ஒரு நல்ல செடியிலிருந்தும் விதை எடுக்கலாம். மக்காச்சோளமும் கம்பும் காற்றால் கலப்பவை. பூசணியும் சுரையும் பூச்சிகளால் கலப்பவை. மக்காச்சோளத்துக்குச் சில நூறு மீட்டர் இடைவெளி வேண்டும், விதையும் நூறு செடிகளுக்குக் குறையாமல் எடுத்துக் கலக்க வேண்டும். பத்துப் பதினைந்து கதிரிலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் சில ஆண்டுகளில் பயிர் நலிந்துவிடும். கத்தரியும் மிளகாயும் நடுவில் நிற்பவை, ஓரளவு கலக்கும். பூசணிக்கு எளிய வழி உண்டு. மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை மாலையில் நூலால் கட்டிவையுங்கள். காலையில் அவிழ்த்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டிவிடுங்கள்.

சேமிப்பில் ஒரு நல்ல வழிகாட்டு விதி இருக்கிறது. விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் அப்படியே. நிழலில், காற்றோட்டத்தில் நன்றாகக் காய வையுங்கள். பயறு விதையைச் சுத்தியலால் தட்டினால் உடைந்து சிதற வேண்டும். நசுங்கினால் இன்னும் காய வேண்டும். ஈரமாகவே காற்றுப் புகாத பாத்திரத்தில் அடைப்பதுதான் விதை கெடுவதற்குப் பெரிய காரணம். பூசணம் உள்ளேயே வளர்ந்துவிடும். விதைப்பதற்கு முன் 100 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, பத்து நாளில் எத்தனை முளைத்தன என்று எண்ணுங்கள். 70-க்குக் குறைந்தால் விதையளவைக் கூட்ட வேண்டும், அடுத்த பருவத்தில் புது விதை எடுத்தே ஆக வேண்டும்.

எரிபொருள்

ஒரு கிலோ பச்சைச் சாணத்தை நீரில் கரைத்துக் காற்றுப் புகாத கலனில் நொதிக்க வைத்தால் 35 முதல் 40 லிட்டர் சாண எரிவாயு கிடைக்கும். நாளொன்றுக்கு இரண்டு கன மீட்டர் தரும் கலனுக்கு 50 கிலோ சாணம், அதே அளவு நீர் வேண்டும். நாலைந்து மாடுகள் இல்லாத வீட்டுக்கு இது ஒத்துவராது. இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து போடலாம். வறட்டி தட்டி எரித்தால் சாணத்தின் தழைச்சத்து புகையாகிவிடும். கலனில் போட்டால் வாயு அடுப்புக்கும், தழைச்சத்து கெடாத கரைசல் வயலுக்கும் போகும். ஒரே பொருளில் இரண்டு சுழற்சி மூடுகிறது. விறகு எரிப்பவர்கள் அதை மழைபடாமல் அடுக்கி ஓராண்டு உலர வைத்தாலே செலவு கணிசமாகக் குறையும். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்குவதற்கே போய்விடுகிறது.

ஏன் ஒரு வீடு போதாது

முதலில் உணவுக் கணக்கு. வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு 2,200 கலோரி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம். அதில் 60 சதவீதம் தானியத்திலிருந்து வருவதாகக் கொண்டால், கிலோவுக்கு 3,500 கலோரி வீதம், சுமார் 140 கிலோ தானியம். நான்கு பேருக்கு 560 கிலோ. விதைக்கும் சேதத்துக்கும் சேர்த்து 650 கிலோ. உமி நீக்கிய தானியமாக ஏக்கருக்கு 1,000 கிலோ விளையும் நிலத்தில் முக்கால் ஏக்கருக்கும் குறைவான இடம் போதும். பலர் நினைப்பதைவிட நிலத் தேவை குறைவு.

நிலம் தடையில்லை. வேலைதான் தடை. கறவை மாடு வைத்திருப்பவர் ஒருநாளும் ஊரைவிட்டுப் போக முடியாது. அறுவடையும் அடுத்த விதைப்பும் ஒரே வாரத்தில் வந்து விழும். எண்ணெய் ஆட்டும் செக்கு ஒரு வீட்டுக்கு ஆண்டில் சில நாள்தான் ஓடும். கொல்லுப்பட்டறைக்கும் ஒரு வீட்டில் அவ்வளவு வேலை இல்லை. மக்காச்சோள விதையைக் கலப்பில்லாமல் காக்கப் பக்கத்து வயல்காரரின் சம்மதம் வேண்டும். ஆகவே தற்சார்பின் சரியான அளவு வீடு அல்ல, ஊர். 1942-இல் காந்தி கிராம சுயராஜ்யம் பற்றி எழுதியபோதும் இதைத்தான் சொன்னார். இன்றியமையாத தேவைகளில் கிராமம் பிறரை நம்பி இருக்கக் கூடாது, சார்ந்தே ஆக வேண்டிய மற்றவற்றில் ஒருவரையொருவர் சார்ந்திருக்கலாம் என்பது அவர் கருத்து.

பணத்துக்கும் இதே கசிவுக் கணக்கு பொருந்தும். வெளியிலிருந்து ஊருக்குள் வரும் தொகையில் ஒவ்வொரு கைமாற்றத்திலும் 30 சதவீதம் மட்டுமே ஊருக்குள் செலவானால், கடைசியில் அந்தத் தொகை ஏறத்தாழ 1.4 மடங்கு வருமானமாகும். 60 சதவீதம் உள்ளேயே செலவானால் 2.5 மடங்கு. வரவு ஒன்றுதான், கசிவுதான் வேறு.

பொதுக் குளம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றை ஊரே ஆள முடியாது, அழித்துவிடும் என்ற எண்ணம் நீண்ட காலம் இருந்தது. உலகின் பல பகுதிகளில் அவற்றை ஆராய்ந்து, முடியும் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நிலைத்து நின்ற ஊர்களில் பொதுவான சில விதிகளை அவர் கண்டார். யாருக்கு உரிமை, எல்லை எது என்பது தெளிவாக இருக்கும். பயன்படுத்துபவர்களே விதி செய்வார்கள், அவர்களே கண்காணிப்பார்கள். முதல் தவறுக்குச் சிறு தண்டனை, திரும்பச் செய்தால் படிப்படியாகக் கூடும். புதிதாகக் கூடி வாழத் தொடங்கும் குழுக்கள் வீட்டின் வரைபடத்துக்கு ஆறு மாதம் செலவழித்துவிட்டு, தண்ணீர் முறைக்கு ஒரு விதியும் எழுதாமல் விடுவது மிகவும் வருத்தமான விஷயம். முதல் வறட்சியிலேயே அந்தக் குழு உடையும்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியது

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டுக்குள் விலைக்கு வரும் ஒவ்வொன்றையும் ஓராண்டு முழுக்க எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தாங்கும் நாளைக் குறியுங்கள். குடிநீர் மூன்று நாள், எரிவாயு இருபது நாள், விதை ஒரு பருவம் என்று உங்கள் வீட்டின் உண்மை நிலையை எழுதினால் போதும். வெளியே போவதையும் எழுதுங்கள்: விற்ற தானியம், எரித்த சருகு, சாக்கடையில் போன நீர். எந்தப் பொருளில் தாங்கும் நாள் மிகக் குறைவோ, அதன் மாற்று வெளியே போகும் பட்டியலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆண்டுக்கு ஒரு சுழற்சி மட்டும். கோழி, தேனீ, மாடு, தோட்டம், எரிவாயு என எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் தொடங்கினால் எதற்கும் நேரம் போதாது, முதலில் சாவது உயிருள்ளவைதான். தண்ணீரும் மட்கு உரமும் முதலாண்டுக்கு ஏற்றவை. தவறினாலும் இழப்பு சிறிது, கற்றுக்கொள்வது அதிகம். விதை இரண்டாம் ஆண்டு, கால்நடை அதற்குப் பிறகு. மாடு வாங்கும் முன் அதன் தீவனம் உங்கள் நிலத்தில் விளையுமா என்று கணக்குப் போட்டுவிடுங்கள். தீவனத்தை மூட்டையில் வாங்கினால் உரக் குழாயை மூடிவிட்டுத் தீவனக் குழாயைத் திறந்ததாகத்தான் ஆகும்.

ஆண்டு முடிவில் நோட்டை மறுபடி எடுத்து, தாங்கும் நாள் உயர்ந்த வரிகளுக்குக் கீழே கோடிடுங்கள். செலவு குறைந்தும் தாங்கும் நாள் உயராத வரிகள் சில இருக்கும். அவை சிக்கனமே தவிர தற்சார்பு அல்ல. அடுத்த ஆண்டின் வேலையை அந்த வரிகளிலிருந்து தேர்ந்தெடுங்கள்.